12-ல் 8 போதும்: ஆன்லைனில் தனியாகப் படிக்கிறவர்களுக்கு மூன்று இன்ஜினியரிங் பாடங்கள்



ஜனவரியும் ஜூலையும் வந்தால் போதும், நம்ம வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் என்.பி.டி.இ.எல். லிங்க் வந்து விழும். "சேர்றதுக்கு ஃப்ரீதானே மச்சி, போட்டு வைப்போம்" என்று ஒரே மூச்சில் மூன்று பாடத்தில் பெயர் கொடுப்போம். முதல் வாரம் எல்லா வீடியோவையும் பார்த்து, புது நோட்டில் கலர் பேனாவில் குறிப்பு எழுதுவோம். இரண்டாம் வாரம் வீடியோ வேகம் 1.5 ஆகும். நாலாம் வாரம் இன்டர்னல்ஸ் வரும். ஆறாம் வாரம் யாராவது கேட்டால், "அதுவா? விட்டுட்டேன்டா" என்போம்.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் 2012 முதல் 2018 வரை நடத்திய ஆன்லைன் பாடங்களின் தரவை ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரேஸ்-வாலியன்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசி, 2019-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் முடித்தவர்கள் 100-க்கு சுமார் 3 பேர்தான்.

அப்போ மீதி 97 பேரும் சோம்பேறிகளா? கிடையாது. வகுப்பறையில் நம்மைத் தாங்க நிறைய விஷயங்கள் இருக்கின்றன. மணி அடிக்கும், அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள், பக்கத்தில் நண்பன் இருப்பான், "என்னப்பா, புரியுதா?" என்று சார் முகத்தைப் பார்ப்பார். ஆன்லைனில் இது எதுவும் கிடையாது. இந்தத் தாங்கலை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவையான மூன்று விஷயங்களை நம்ம சிலபஸிலேயே படித்திருக்கிறோம். எஸ்.ஓ.எம்.-ல் ஒன்று, கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் ஒன்று, மெஷின் டிசைனில் ஒன்று. வேறு துறைக்காரர்களும் பயப்பட வேண்டாம், எல்லாம் எளிமையாகவே இருக்கும்.

பாடம் 1: மீள்திறன் என்றால் வளையாமல் இருப்பது அல்ல

"மனசு ஸ்டீல் மாதிரி இருக்கணும்" என்று சொல்லுவோம். ஸ்டீல் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு கம்பியை இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழைய நீளத்துக்கு வருகிறது. மீட்சி எல்லை வரைக்கும் இப்படித்தான். அந்த எல்லைக்குள் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டு, சேதமில்லாமல் திருப்பித் தர முடியுமோ, அதுதான் அதன் மீள்திறன். கணக்காகச் சொன்னால், மீட்சி எல்லையில் இருக்கும் தகைவின் வர்க்கத்தை யங் குணகத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். தகைவு-திரிபு வரைபடத்தில் நேர்கோட்டுப் பகுதிக்குக் கீழே இருக்கும் முக்கோணத்தின் பரப்பு அது.

சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு அந்த எல்லை சுமார் 250 மெகா பாஸ்கல். வெப்பப் பதம் செய்த ஸ்பிரிங் ஸ்டீலுக்கு 1000 மெகா பாஸ்கலைத் தாண்டும். இரண்டுக்கும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றுதான், 200 கிகா பாஸ்கல். எல்லை 4 மடங்கு கூடினால் மீள்திறன் 16 மடங்கு கூடுகிறது. லாரிக்கு அடியில் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொரு பள்ளத்திலும் வளைகின்றன. வளைவதுதான் அவற்றின் வேலை. வளையவே மாட்டேன் என்று அவை அடம்பிடித்தால் அடி முழுக்க வண்டியின் மேல்தான் விழும்.

இதை அப்படியே படிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் வீடியோ பார்க்க முடியவில்லை, அசைன்மென்டில் 10-க்கு 3 வந்தது. இது வளைவு. "எனக்கு இது செட் ஆகாது" என்று மூடிவைத்தால்தான் முறிவு. இரண்டும் ஒன்றில்லை.

வேடிக்கை என்னவென்றால், என்.பி.டி.இ.எல். விதியிலேயே வளைவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். 12 வாரப் பாடத்தில் வழக்கமாக எல்லா அசைன்மென்டும் கணக்கில் வராது. நீங்கள் அதிக மதிப்பெண் வாங்கிய 8 மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். 8 வாரப் பாடத்தில் 6, 4 வாரப் பாடத்தில் 3. அதாவது 12 வாரத்தில் 4 வாரம் முழுசாகக் கோட்டை விட்டாலும் அசைன்மென்ட் மதிப்பெண்ணில் ஒன்றும் குறையாது. (பாடத்துக்குப் பாடம் மாறலாம், உங்கள் பாடத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இந்த விதி தெரியாமலேயே, இரண்டு வாரம் தவறிய உடனே "போச்சு" என்று கிளம்பிவிடுகிறவர்கள் நம்மில் நிறைய.

மீட்சி எல்லையைக் கூட்ட முடியுமா? முடியும். ஆனால் ஸ்டீலுக்கே சூடாக்கி, குளிரவைத்து, மறுபடி பதமாகச் சூடாக்கித்தான் அந்தப் பலம் வருகிறது. முதல் நாளே 3 மணி நேரம் உட்காரப் பார்க்காதீர்கள். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளும் பொமோடோரோ முறையை 1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தனக்காகத்தான் உருவாக்கினார். தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை வைத்து ஆரம்பித்ததால் அந்தப் பெயர். இந்த வாரம் ஒரு நாளைக்கு ஒரு தக்காளி. அடுத்த வாரம் இரண்டு. அவ்வளவுதான்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். மீட்சி எல்லைக்குள்ளேயே இருந்தாலும், சின்னச் சுமை லட்சம் தடவை திரும்பத் திரும்ப விழுந்தால் கம்பி ஒடியும். அதற்கு ஃபெடீக் என்று பெயர். தினம் இரவு 2 மணி வரை ஸ்கிரீன் பார்ப்பது அந்த வகைச் சுமை. தூக்கத்தை வெட்டி நேரம் சேர்ப்பதை சுயமேலாண்மை என்று எண்ணிவிடாதீர்கள்.

பாடம் 2: பேக்லாக் ஏன் நம்மை விழுங்குகிறது?

கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் முதல் வகுப்பிலேயே ஓப்பன் லூப், குளோஸ்டு லூப் வித்தியாசம் வரும். டைமர் மட்டும் உள்ள ரொட்டி டோஸ்டர் ஓப்பன் லூப். ரொட்டி கருகுகிறதா என்று அதற்குத் தெரியாது. ஏ.சி. குளோஸ்டு லூப். அறையின் வெப்பத்தை அளந்து, வேண்டிய வெப்பத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பார்த்து வேலை செய்கிறது.

வீடியோவை வரிசையாக ஓடவிடுவது ஓப்பன் லூப் படிப்பு. 30 நிமிஷம் ஓடியது, மண்டையில் எவ்வளவு ஏறியது என்று தெரியாது. "எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்போம். லூப்பை மூட ஒரு சென்சார் வேண்டும்.

மலிவான சென்சார் ஒன்று உண்டு. வீடியோவை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில், இப்போது பார்த்ததை நினைவிலிருந்து எழுதுவது. 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பகுதி படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 56 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள், திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதம். தேர்வு 5 நிமிஷத்தில் வருவதில்லை, வாரங்கள் கழித்துத்தான் வருகிறது.

எழுதும்போது பாதியில் நின்றுபோகும் இடம்தான் எரர் சிக்னல். அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் போங்கள். முழு வீடியோவையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

இப்போ பேக்லாக் விஷயத்துக்கு வருவோம். பி.ஐ.டி. கண்ட்ரோலர் படித்தவர்களுக்கு 'இன்டெக்ரல் விண்ட்-அப்' என்ற பிரச்சினை தெரிந்திருக்கும். ஒரு வால்வு முழுசாகத் திறந்துவிட்டது, அதற்கு மேல் திறக்க முடியாது. ஆனால் கண்ட்ரோலர் அது தெரியாமல் பிழையைக் கூட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் நிலைமை சரியான பிறகும், சேர்ந்த பிழையைக் கழிக்கும் வரை எதிர்ப்பக்கம் அதிகமாகப் போய் ஆடுகிறது.

நம்ம பேக்லாக்கும் இதேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உருப்படியாக 4 மணி நேரம் படிக்க முடியும், அது நம்ம வால்வின் எல்லை. 12 வாரப் பாடத்தில் வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ இருக்கும். 4 வாரம் சேர்ந்தால் 10 மணி நேரம். "ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து எல்லாத்தையும் முடிச்சிடறேன்" என்ற திட்டம் எண்ணிக்கையிலேயே தோற்றுவிடுகிறது. முடியாததால் குற்ற உணர்வு, குற்ற உணர்வால் இன்னும் தள்ளிப்போடுதல்.

கண்ட்ரோலருக்குத் தரும் மருந்து எளிது. எல்லையை எட்டியதும் கூட்டுவதை நிறுத்து. நமக்கும் அதுவே: பின்தங்கிவிட்டால் இந்த வாரப் பாடத்திலிருந்து தொடங்குங்கள். பழைய வாரத்தில் இந்த வாரத்துக்கு அவசியமான ஒரு வீடியோவை மட்டும் பாருங்கள். மீதியைத் தேர்வுக்கு முந்தைய இடைவெளிக்குத் தள்ளுங்கள். 12-ல் 8 என்ற விதி இதற்குத்தான் கை கொடுக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: விட்ட வாரத்தின் மதிப்பெண் போகாதே தவிர, பாடம் தேர்வில் வரும். அதனால் விட்டதை ஒரு தாளில் குறித்துவையுங்கள், மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, தடங்கல்கள். கரன்ட் போகும், ஹாஸ்டல் வை-ஃபை படுக்கும், தினசரி டேட்டா மாலையிலேயே தீரும், வீட்டில் விருந்தாளி வருவார்கள். இவை வரும் என்று முன்கூட்டியே தெரியும்தானே? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இருந்து ஆராய்ந்துவரும் ஒரு முறை இங்கே உதவும். "நல்லாப் படிக்கணும்" என்று பொதுவாக நினைப்பதைவிட, "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்று முன்பே எழுதிவைப்பவர்கள் இலக்கை அதிகமாக எட்டுகிறார்கள்.

நமக்கு ஏற்ற மாதிரி சில:

• டேட்டா தீர்ந்தால், ஏற்கெனவே இறக்கிவைத்த டிரான்ஸ்கிரிப்ட் பி.டி.எஃப். படிப்பேன். (பல பாடங்களுக்குத் தமிழிலும் கிடைக்கிறது.)
• இரவு 8.30-க்கு மெஸ்ஸில் இருந்து வந்ததும், போனை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வீடியோ பார்ப்பேன்.
• பல பாடங்களில் அசைன்மென்ட் கெடு புதன் இரவு 11.59. அதனால் திங்கள் இரவே தெரிந்த கேள்விகளுக்கு விடை போட்டு சப்மிட் செய்துவிடுவேன். கெடுவுக்குள் திருத்தலாம் என்றால் செவ்வாய் திருத்துவேன்.
• ஒரு வாரம் தவறினால், அடுத்த வாரம் முதல் வீடியோவில் ஆரம்பிப்பேன். விளக்கம், புலம்பல் எதுவும் இல்லாமல்.

கடைசி வரி எல்லாவற்றையும்விட முக்கியம். தவறும் முன்பே, திரும்பி வரும் வழியை எழுதிவைத்திருக்கிறோம். லீஃப் ஸ்பிரிங் இதைத்தான் செய்கிறது.

பாடம் 3: ரிஸ்க் எடுக்கலாம், ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பார்த்து

ஒரு பொருள் தாங்கக்கூடிய சுமையை, நாம் உண்மையில் ஏற்றும் சுமையால் வகுத்தால் கிடைப்பது ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. விமானத்தின் உடலுக்கு இது வழக்கமாக 1.5. லிஃப்ட் கயிற்றுக்கு 10-ஐ ஒட்டி அல்லது அதற்கும் மேல். எல்லாவற்றுக்கும் 10 வைத்தால் நல்லதுதானே? வைத்தால் விமானம் தரையை விட்டு எழும்பாது. அதனால் எடையைக் குறைத்து, அதற்கு ஈடாகத் துல்லியமாகக் கணக்கிட்டு, அடிக்கடி பரிசோதனை செய்கிறார்கள். ரிஸ்க்கே எடுக்காத மாணவனும் பத்திரமாகத்தான் இருப்பான், தரையில்.

எந்த ரிஸ்க் எடுக்கலாம் என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, தோற்றால் என்ன போகும்? இரண்டு, திரும்பி வர முடியுமா? மூன்று, தோற்கிறோம் என்பது எவ்வளவு சீக்கிரம் தெரியும்?

மெக்கானிக்கல் மாணவி ஒருத்தி பைத்தான் பாடத்தில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சேர்வது இலவசம். தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி பாடம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அதற்குள் மூன்று, நாலு வாரம் பார்த்துவிடலாம். ஒத்துவரவில்லை என்றால் போவது சில மணி நேரம் மட்டும். தாராளமாக எடுக்க வேண்டிய ரிஸ்க் இது.

நேரலை வகுப்பில் மைக்கை ஆன் செய்து, "சார், அந்த ஸ்டெப் புரியல, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்பது? போவது இரண்டு நொடி கூச்சம். கிடைப்பது விடை. அதுவும் நமக்கு மட்டும் இல்லை, மியூட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னும் நாற்பது பேருக்கு. நேரில் கேட்கக் கூச்சமா, பாடத்தின் கேள்வி-பதில் பகுதியில் எழுதுங்கள். "புரியவில்லை" என்று மட்டும் எழுதாமல், எது வரை வந்தீர்கள், என்ன முயன்றீர்கள், எங்கே தடுக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். பாதி நேரம், எழுதும்போதே விடை கிடைத்துவிடும். புரோகிராமர்கள் இதற்காகவே மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்குக் கோடை வரி வரியாக விளக்குவார்கள். தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர் என்ற 1999-ம் ஆண்டுப் புத்தகத்தால் பரவிய பழக்கம் அது. வாத்து இல்லையென்றால் தலையணையும் கேட்கும்.

இனி எடுக்கக் கூடாதவை. "வேலை உறுதி" என்று போனில் பேசி, பெரிய தொகைக்கு மாதத் தவணை போடச் சொல்லும் ஆன்லைன் கோர்ஸ். தோற்றால் பணம் போகும், கையெழுத்துப் போட்டபின் திரும்பி வருவது கஷ்டம், தோற்றது தெரிவதற்கே மாதங்கள் ஆகும். மூன்று கேள்வியிலும் தோல்வி. அப்பா, அம்மாவிடமும் துறையில் ஒரு ஆசிரியரிடமும் பேசாமல் இதில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, ரிஸ்க் என்றே நமக்குத் தோன்றாத ரிஸ்க்: டெலிகிராமில் வரும் அசைன்மென்ட் விடைகள். "எல்லாரும்தான் போடறாங்க" என்பதால் பாதுகாப்பாகத் தெரிகிறது. கணக்கைப் பாருங்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வாங்க அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். காப்பி அடித்தவருக்கு 25-க்கு 25 வரலாம். ஆனால் தேர்வில் 28 எடுத்தால் மொத்தம் 53 இருந்தும் சான்றிதழ் இல்லை. சொந்தமாகப் போட்டு 15 வாங்கியவர் தேர்வில் 45 எடுத்தால் மொத்தம் 60, எலைட் சான்றிதழ். அதைவிட, தவறாகப் போட்ட ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு எரர் சிக்னல். காப்பி அடித்தவர் தன் சென்சாரைத் தானே கழற்றிவைத்துவிட்டார். அவருக்குத் தான் தோற்பது தேர்வு அறையில்தான் தெரியும்.

முதலில் சொன்ன ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100-க்கு 46 பேர். பணம் கட்டியதால்தான் முடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது, உறுதியாக இருந்தவர்களே பணம் கட்டியிருக்கலாம். ஆனாலும் நமக்கு ஒரு யோசனை கிடைக்கிறது. மூன்று பாடத்தில் சும்மா பெயர் கொடுப்பதைவிட, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாலு வாரம் பார்த்து, பிடித்திருந்தால் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். இரண்டு நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள். வாரம் ஒருமுறை, "எத்தனாவது வாரம்டா?" என்று கேட்க ஆள் இருந்தாலே போதும்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும்

எந்த ஸ்பிரிங்குக்கும் ஒரு எல்லை உண்டு. வீட்டில் பணக் கஷ்டம், உடல்நலக் குறைவு, வாரக் கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, இவையெல்லாம் பொமோடோரோவால் தீர்கிற பிரச்சினைகள் இல்லை. அப்போது "இன்னும் தாங்கு" என்று தன்னையே அதட்டுவது மீள்திறன் ஆகாது. சுமை கூடினால் இன்னொரு தூண் போடுவதுதான் இன்ஜினியரிங். நண்பரிடமோ, அக்கா அண்ணனிடமோ, வகுப்பு ஆலோசகரிடமோ சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்கள் நலமாக இருந்தாலும் இந்த எண்ணை போனில் பதிந்துவையுங்கள், பக்கத்து ரூம் நண்பருக்குத் தேவைப்படலாம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. இப்போது சேர்ந்திருக்கும் ஆன்லைன் பாடங்களை எழுதி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மனசார விடுங்கள்.
2. அந்தப் பாடத்தின் மதிப்பெண் விதியைப் படித்து, எத்தனை வாரம் தவறலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. "நடந்தால், செய்வேன்" வரிகள் மூன்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அதில் ஒன்று, தவறிய பிறகு எப்படித் திரும்புவேன் என்பதாக இருக்கட்டும்.
4. ஒரு வீடியோ முடிந்ததும் 5 நிமிஷம் வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள்.
5. போனால் இரண்டு நொடி கூச்சம் மட்டுமே போகும் என்கிற மாதிரி ஒரு ரிஸ்க் எடுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள்.

இந்த இதழ் உங்கள் கையில் கிடைக்கும்போது, பாதியில் விட்ட பாடம் ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். எத்தனையாவது வாரத்தில் விட்டீர்கள் என்பதைப் பார்க்காதீர்கள். இந்த வாரம் எத்தனையாவது வாரம் என்று பார்த்து, அதன் முதல் வீடியோவைத் திறங்கள். 12-ல் 8 போதும்.